சாமி மாட்டுக்கு எழுதிய வரி

ஜனவரி 25, ஞாயிறு

யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். இது போன வருஷத்துக் கணக்கு நோட்டு. பின்பக்கம் நாற்பது தாள் மிச்சம். எழுதி முடித்ததும் தவிட்டு மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவேன். அப்பா தூங்கிவிட்டார். அம்மாவும் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நேற்று மேலக்கொன்னங்குடியில் மஞ்சுவிரட்டு. அங்கே மாடுகளை அடைத்து வைத்திருக்கும் தொழுவிலிருந்து முதலில் சாமி மாட்டைத்தான் அவிழ்ப்பார்கள். கருப்பர் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை அது. மாலையும் பட்டுத் துண்டுமாக வரும். அதை யாரும் தொடக்கூடாது. மாடுபிடி வீரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது நடுவில் நடந்து கண்மாய்ப் பக்கம் போன பிறகுதான் மற்ற மாடுகளை விடுவார்கள்.

நேற்று அது வெளியே வந்தபோது பச்சை பனியன் போட்ட ஒரு பையன் ஓடிப்போய் அதன் திமிலைக் கட்டிப் பிடித்துவிட்டான்.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். மாடு அவனைத் தூக்கி எறியவில்லை. அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து யாரும் அதைப் பிடித்ததில்லை. என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. அப்புறம் ஊர்க்காரர்கள் அவனை இழுத்துப்போட்டு அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே அவன் கத்தினான்.

"பாட்டுலதானய்யா வரச் சொன்னாங்க!"

எல்லாரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். நானும் அம்மாவும் டிராக்டர் பெட்டியில் நின்றிருந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாட்டுக்குப் பாட்டுப் பாடியது அம்மா. கண்மாய்க்கரை அடைக்கி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பாட்டு வந்தது. அதில் இப்படி ஒரு இடம் வரும்:

தொட்டுப் பாக்க வாறியாடா தொழுவுக்கு — உன்
தோளு ரெண்டும் திரும்பி வருமா ஊருக்கு?

அந்த வரி அம்மாவுடையது அல்ல. நான் எழுதியது.

ஒரே ஒரு வரிதான். வேறு எதிலும் நான் கை வைத்ததில்லை.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பையன்கள் அந்த வரியைப் பாடினார்கள். பி.டி. சார் அவர்களைத் தனியாக வெயிலில் நிற்க வைத்தார். பி.டி. சாருக்கு நன்றி.

சாமியிடம் இனி எதுவும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அம்மாவைக் காப்பாத்து என்று கேட்டால், உன்னால்தானே என் மாட்டைத் தொட்டான் என்று கருப்பர் திருப்பிக் கேட்பார். கேட்க எனக்கு முகம் இல்லை. நன்றி மட்டும் சொல்லலாம். அதற்கு முகம் தேவையில்லை. வரிசையில் கடைசியில் நின்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டதாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. நன்றி.

ஜனவரி 27, செவ்வாய்

அறிவியல் திருப்புதல் தேர்வு. ஒரு கேள்வி விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"சாமி மாடு சனிக்கிழம ராத்திரிலருந்து வைக்கல்ல வாய் வைக்கலயாம். தண்ணில மூக்க நனைக்குதாம், அம்புட்டுதான்."

"யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

"ஏறுன அம்புட்டுப் பேரும் சொல்றாங்க. நான் யாரு புருசன்னு தெரியாம ஒம்பது பேரு சொன்னாங்க. ஒருத்தன் தெரிஞ்சே சொன்னான்."

"என்னா சொன்னான்?"

"தீட்டுப் பட்டுருச்சு, மாடு தங்காதுன்னான். நான் அவன கொன்னங்குடிக்கு ஒரு மைல் முன்னாடியே எறக்கி விட்டுட்டேன். டீசல் இல்லன்னுட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. வழக்கமாக அப்பா பேசினால் சிரித்துவிடுவாள்.

மாடு செத்துப்போனால் அம்மாவை என்ன செய்வார்கள்?

அம்மா எட்டு வருஷமாக மாடுகளுக்குப் பாடுகிறாள். அதற்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடினாள். மேடையில் பாட்டுக்காரர்கள் உட்கார நாற்காலி போடுவார்கள். அம்மாவுக்குக் கிடையாது. ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பக்கத்து ஊரில் ஒருவருடைய காளை கிணற்றில் விழுந்து செத்தது. அதை மாலை போட்டுப் புதைக்கும்போது அம்மா அதைப் பற்றி எட்டு வரி பாடினாள். யாரும் கேட்காமலே பாடினாள். ஒருவர் செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டார். பத்து நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. அடுத்த மாதமே தங்கள் மாட்டுக்குப் பாட்டு வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இப்போது நூற்று நாற்பது மாடுகளுக்குப் பாட்டு இருக்கிறது. அம்மா பாடாத மாடு தொழுவுக்கு வந்தால் பெயர் இல்லாத மாடு என்று சொல்வார்கள். வெளியூர்க்காரர்களும் அவளை மேடையில் கூப்பிட்டுத் துண்டு போடுகிறார்கள். நாற்காலியும் போடுகிறார்கள்.

பார்க்காத மாட்டுக்கு அம்மா பாடமாட்டாள். சொந்தக்காரர் வந்து அது பறக்கும், பாயும் என்று அளந்தால், "நீங்க சொல்றது ஒங்க பெருமை. மாடு என்னா சொல்லுதுன்னு நான் பாக்கணும்ல" என்பாள். போய் அரை நாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அது நடக்கிற நடையில்தான் தாளம் எடுப்பாள். வீட்டுக்கு வந்து வாயாலேயே பாட்டுக் கட்டுவாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். திருப்பத்தூர் அந்தோணி அண்ணன் ஒலிப்பதிவு அறையில் நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். அம்மா கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது.

சாமி மாட்டுப் பாட்டில் ஓர் இடத்தில் மேளம் மட்டும் ஓடியது. "இதுல எளவட்டத்துக்கு ஒரு வரி இருந்தா தூக்கும்" என்றார் அந்தோணி அண்ணன். அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். நான் உள்ளங்கையில் எழுதினேன். அவள் வந்ததும் நோட்டில் இருப்பதுபோல் படித்தேன். எல்லா மாட்டுப் பாட்டிலும் வீரர்களைச் சண்டைக்குக் கூப்பிடுகிற வரி ஒன்று வரும். இதிலும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். தொடக்கூடாத மாட்டைத் தொட வா என்று கூப்பிடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா அதை அப்படியே பாடினாள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகப் பாடினாள்.

ஜனவரி 28, புதன்

மாடு இன்னும் சாப்பிடவில்லை. நாளைக்கு அம்மா போய்ப் பார்க்கப் போகிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜனவரி 29, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா ஆட்டோவில் போனோம். மேலக்கொன்னங்குடியில் எங்களைப் பார்த்து யாரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாடு கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் படுத்திருந்தது. வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது. கால்நடை டாக்டர் ரெஜினா மேடம் காதில் கருவியை வைத்து அதன் வயிற்றில் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர் சேவுகன் அம்பலம் பக்கத்தில் நின்றிருந்தார். சாமி மாட்டுக்கு டாக்டர் எதற்கு என்று நாலு நாள் தள்ளிவிட்டு இன்றைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"என்னா குடுத்தீங்க இதுக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"வைக்கலு, புல்லு, தவிடு. வழக்கம்போலத்தான்" என்றார் அம்பலம்.

"வைக்கல் தின்ன வயிறு இப்படி இருக்காது. சனிக்கிழம சாயங்காலம் என்னா குடுத்தீங்க?"

ஒரு கிழவர் தலையைச் சொறிந்தார்.

"மாட்ட ஒருத்தன் தொட்டுட்டான்ல டாக்டரு. சாமி கோவிச்சுக்கக் கூடாதுல்ல. வீட்டுக்கு ஒரு வா சக்கரப் பொங்கல் ஊட்டுனோம்."

"எத்தன வீடு?"

"நூத்துப் பத்து."

டாக்டர் கருவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். "ஒரு வா?"

"ஒரு கிண்ணம்" என்றார் கிழவர். "ரெண்டு வாழப்பழமும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. அரிசிச் சோறும் வெல்லமும் அவ்வளவு போனால் மாட்டுக்கு வயிறு புளித்துவிடும், இன்னும் இரண்டு பங்கு ஊட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே செத்திருக்கும் என்றார். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டார். ஊசி போட்டார். "யாரும் எதையும் ஊட்டாதீங்க. கும்புடுங்க, அது போதும். வயித்துக்கு நல்லது" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அம்பலம் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா அடைக்கி."

"சொல்லுங்கய்யா."

"மாடு பொழச்சா டாக்டரம்மா புண்ணியம். ஆனா அந்த வரி வரிதான். சாமி மாட்டத் தொட வாடான்னு கூப்புட்டுப் பாடிருக்க. இருவத்திரெண்டு ஊரும் கேக்குது. எட்டாந்தேதி நாடு கூடும். வந்துரு."

"வந்துர்றேன்யா."

இருபத்திரண்டு ஊர் சேர்ந்ததுதான் நாடு. அம்மாவின் கச்சேரியில் முக்கால்வாசி இந்த ஊர்களில்தான். நாடு கூடி இனிமேல் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டால் மற்ற ஊர்களும் கூப்பிடாது, அப்புறம் அம்மாவுக்கு எந்த மேடையும் இல்லை.

டாக்டர் மேடத்துக்கு நன்றி. சோடா உப்புக்கும் நன்றி.

ஜனவரி 30, வெள்ளி

மாடு எழுந்து நின்றுவிட்டது. புல் தின்றதாம். அப்பா ஆட்டோவில் ஏறிய எல்லாரிடமும் அவரே சொன்னாராம். நன்றி நன்றி நன்றி.

ஜனவரி 31, சனி

மத்தியானம் அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். பெயர் தொந்திலிங்கம். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். பெயருக்கு நேர்மாறாக ஒல்லி. கையைக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றான்.

"என்னால ஒங்களுக்குக் கஷ்டம்க்கா. கால்ல விழுகணும்னு வந்தேன். கை இப்புடி இருக்கதுல விழுந்தா எந்திரிக்க முடியாது."

"விழுகாத. உள்ள வந்து மோர் குடி" என்றாள் அம்மா.

அவன் இரண்டு சொம்பு குடித்தான். "சாமி மாட்டத் தொடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாடா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியும்ணே. பொறந்ததுலருந்து தெரியும். ஆனா அந்தப் பாட்ட ஒரு நாளைக்கு அம்பது தடவ கேட்டேன். அந்த எடம் வரும்போதெல்லாம் என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்ட மாதிரியே இருக்கும். மாடு வெளிய வந்துச்சு. காலு தானா ஓடிருச்சு." சொம்பைக் கீழே வைத்தான். "அது என்னைய ஒண்ணுமே செய்யலக்கா. கட்டிப் புடிச்சதும் அதுக்கு ஒடம்பு நடுங்குச்சு. நானும் நடுங்குனேன். அம்புட்டுதான் நடந்துச்சு."

பிறகு கேட்டான். "அந்த வரி ஒங்களுக்கு எப்புடிக்கா வந்துச்சு?"

நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா அவன் வைத்த சொம்பை எடுத்துக் கவிழ்த்தாள்.

"வந்துச்சு" என்றாள். "வீட்டுக்குள்ளருந்துதான் வந்துச்சு."

வெங்காயத்துக்கு நன்றி. அழுததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

அம்மா தலை வாரிவிட்டாள். வாரும்போது சொன்னாள்: "பாட்டு எழுதுறவுக பாடுறவ மூச்ச நெனச்சுப் பாக்கணும். ரெண்டு வரிய ஒரே இழுப்பா எழுதிப்புட்டா அவ எங்கிட்டு மூச்சு வாங்குவா?"

"யாரம்மா சொல்ற?"

"பொதுவாச் சொல்றேன். தலைய ஆட்டாத."

எதற்காக என்னிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பாட்டைப் பற்றி ஏதாவது பேசினால் அவளுக்கு மனசு லேசாகும் போலிருக்கிறது.

மாசித் திருவிழாவுக்குப் பேசியிருந்த இரண்டு ஊர்க்காரர்கள் போன் செய்து, எட்டாம் தேதி கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

ஒரே ஒரு வரி என்று முதல் நாள் எழுதியது பொய். இந்த நோட்டிலும் பொய் எழுதினால் எதற்கு எழுத வேண்டும்? வேறு பாட்டுகளிலும் எழுதியிருக்கிறேன். நாலு இருக்கும். ஏழு. முதலில் அம்மா மறந்த இடத்தை மட்டும் நிரப்பினேன். அப்புறம் மறக்காத இடத்திலும் மாற்றினேன். கச்சேரியில் என் வரி வரும்போது கூட்டத்தில் விசில் அடிப்பார்கள். நான் மேடைக்குப் பின்னால் கேபிள் சுற்றிக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் எனக்குக் காது சூடாகும். அந்தச் சூடு எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் நிறுத்தவில்லை.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

பிப்ரவரி 7, சனி

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மூன்று தடவை போனேன்.

முதல் தடவை, "அம்மா, அந்தப் பாட்டுல" என்றதும் "கோழிக்குத் தண்ணி வச்சியா?" என்றாள். இரண்டாவது தடவை உப்பு வாங்கி வரச் சொன்னாள். உப்பு ஜாடி நிறைய இருந்தது. மூன்றாவது தடவை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு நீ வர வேணாம். வீட்ல ஒக்காந்து படி. பரீச்ச இருக்குல்ல."

"நானும் வாறேன்மா."

"வந்தா வாயத் தெறக்கக் கூடாது. தெறந்த, நடக்குறதே வேற."

அம்மா என்னை அப்படி மிரட்டியதே இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

உள்ளங்கை கன்றிவிட்டது. எழுத்து கோணலாக வரும்.

கருப்பர் கோயில் மரத்தடியில் நாடு கூடியது. ஊருக்கு இரண்டு பெரியவர்கள், நாற்பத்திநாலு பேர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நின்றாள். ஒரு பக்கம் தொந்திலிங்கமும் நின்றான். நாங்கள் பெண்கள் கோயில் மதிலோரமாக நின்றோம்.

அம்பலம் சுற்றி வளைக்கவில்லை. "அடைக்கி, அந்த வரி ஒன்னோடதுதான?"

"ஆமாங்கய்யா. எம்பாட்டு."

"சாமி மாட்டத் தொட வரச் சொல்லலாமா?"

"தப்புத்தான்யா. எந்த மாட்டுக்கு எந்த வரின்னு பாக்காம பாடிட்டேன்."

அம்மா தலை குனிந்து நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "கோரஸ் பாடுனவள நாம மேடையேத்துனோம், இப்பக் கண்ணு தெரியல" என்றார். சிலர் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். ஒருவருடைய வெற்றிலைப் பெட்டியை மிதித்துவிட்டேன்.

"அது அம்மா எழுதல. நான் எழுதுனது" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும், கோரஸ் என்று சொன்ன அந்த ஆள் கை தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! சின்னப் புள்ளய முன்னாடி நிறுத்தித் தப்பிக்கப் பாக்குறா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கா!"

சலசலப்பு எழுந்தது. நான் சொன்னதால் அம்மாவுக்கு இன்னும் மோசமாகிவிட்டது. அம்பலம் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

"நெசமாவே நீதான் எழுதுனியாத்தா? அப்ப, அந்தா கட்டிக் கெடக்குல்ல சாமி மாடு. அதப் பத்தி இப்ப ஒரு வரி சொல்லு."

மாட்டைப் பார்த்தேன். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நாற்பத்திநாலு பேர் பார்க்கிறார்கள். மாடும் பார்க்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. "வராது, வராது" என்று அந்த ஆள் சொன்னது மட்டும் கேட்டது.

அப்போது அம்மா பேசினாள்.

"அவ சொல்றது நெசந்தான்யா. அந்த வரி அவளோடது. அது மட்டுமில்ல. சூரக்குடிச் செவலைக்கு 'மண்ணுக்கு மீச மொளச்ச மாதிரி'ன்னு வருதுல்ல, அது அவளோடது. மயிலைக்குப் பாடுனதுல கடேசி நாலு வரி அவளோடது. வெள்ளிக்கொம்பு பாட்டுல பாதி. பதினோரு பாட்டு இருக்கு. நான் கட்டுனது எது, கட்டாதது எதுன்னு எனக்குத் தெரியாமப் போகுமா?"

பதினொன்று. எனக்கே ஏழுதான் நினைவிருந்தது.

"தெரிஞ்சுமா பாடுன?" என்றார் அம்பலம்.

"நல்லாருந்துச்சுய்யா, பாடுனேன். அவ எழுதிக் குடுத்தா. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு. அருவா அடிச்ச ஆசாரிய யாரும் புடிக்கிறதில்ல, வெட்டுனவனத்தான் புடிக்கிறாக. வாயத் தெறந்தவ நான். என்னையக் கேளுங்க."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள். அந்த ஆள் ஏதோ பேச வாயெடுத்தார். அம்பலம், "நீ சித்த சும்மா இரு" என்றார்.

பெரியவர்கள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷ மஞ்சுவிரட்டு வரை இருபத்திரண்டு ஊரிலும் அம்மா மேடையேறக் கூடாது. தொழுவை நூற்றெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், தொட்டவனும் தொட வரச் சொன்னவளும்.

"சரிங்கய்யா" என்றாள் அம்மா.

கண்மாயிலிருந்து தண்ணீர் சுமந்தோம். என்னை யாரும் சுமக்கச் சொல்லவில்லை. நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன். அப்பாவும் எடுத்தார். தொந்திலிங்கம் ஒரே கையால் தூக்கினான். "அண்ணே, கட்டுப் போட்ட கைக்குப் பாதிக் குடம்னு தீர்ப்புல சொல்லலயா?" என்று கேட்டான். "நீ கட்டிப் புடிச்சப்ப ரெண்டு கையும் நல்லாத்தானடா இருந்துச்சு" என்றார் அப்பா. அறுபதாவது குடத்துக்கு மேல் அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் எதுவும் பேசாமல் வந்து எங்கள் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்ட பெண்ணும் அதில் இருந்தாள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நன்றி.

ஆட்டோவில் திரும்பும்போது நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் வந்ததும் அவளே பேசினாள்.

"வாயத் தெறக்காதன்னு சொன்னேன்ல?"

"ஆமாம்மா."

"வரி நல்ல வரிடி. மாடுதான் தப்பு. ஒனக்கு மாட்டப் பாக்கத் தெரியல. முட்ட அட்டயப் பாத்து எழுதுற."

இதைத் தவிர அம்மா வேறு எதுவும் திட்டவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மாசிக் கச்சேரி எட்டும் போய்விட்டது. அம்மா மேடைச் சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பாச்சா உருண்டை போட்டாள். நாளையிலிருந்து செங்கல் அறுக்கிற காளவாசலில் வேலைக்குப் போகிறாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதற்கு என்ன நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தமிழ் 91. அம்மாவின் விரலெல்லாம் செம்மண். எட்டு நாளாக வீட்டில் பாட்டு இல்லை. இன்றைக்குச் சாணி தட்டும்போது முனகினாள். நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நிறுத்தியது தெரிந்ததும் அவளும் நிறுத்திவிட்டாள். ஆனாலும் முனகினாள். நன்றி.

பிப்ரவரி 22, ஞாயிறு

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அழகுநாச்சி என்று ஓர் அம்மா மூன்று பஸ் மாறி வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஊர் எங்கள் நாட்டுக்கு வெளியே இருக்கிறது. தன் காளைக்குப் பாட்டு வேண்டும் என்றார்.

"எத்தன தொழுவு வெளாண்டுருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பதினாலு."

"எத்தனல புடிபட்டுச்சு?"

"பதினாலுலயும்."

பிடிபட்ட மாட்டுக்கு யாரும் பாட்டுக் கேட்டதில்லை. அழகுநாச்சி அம்மா முகம் சிவந்து சொன்னார்: "எங்கூர்ல சிரிக்கிறாக. நாலு பாட்டுக்காரங்ககிட்டப் போனேன், அவுகளும் சிரிச்சாக. புடிபட்டா என்னா, அது எம்மாடு இல்லாமப் போயிருமா?"

அம்மா என்னைக் காட்டினாள். "எழுதுறவ இவதான். ஞாயித்துக்கெழம வந்து மாட்டப் பாக்கட்டும்."

இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை போனோம். அம்மா வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டு என்னை மாட்டிடம் அனுப்பினாள். கறுப்புக் காளை. பெயர் கருக்கல். கண் ஓரம் மட்டும் வெள்ளை. மத்தியானம் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈ ஓட்டினேன். அது என் பாவாடையை நக்கியது. தொழுவில் மற்ற மாடுகள் விட்டதும் எங்கோ ஓடிப்போகும், தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆகும் என்றும், இது மட்டும் பிடித்தவன் விட்டவுடன் பதினோரு கிலோமீட்டர் தானாக நடந்து வாசலில் வந்து நிற்கும் என்றும் அழகுநாச்சி அம்மா சொன்னார். உடம்பெல்லாம் கீறலோடு வருமாம். வந்து அவர் கையில் மூக்கை வைக்குமாம்.

எனக்கு மரத்தடியில் நின்றது ஞாபகம் வந்தது. பதினொரு பாட்டோடு பிடிபட்டு, ஆட்டோவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்தது.

நோட்டில் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒன் வரிய நீயே சொல்லு. மாட்டுக்காரகளப் பாத்துச் சொல்லு."

அழகுநாச்சி அம்மா, அவர் வீட்டுக்காரர், வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்த இரண்டு பேர். எல்லாரும் பார்த்தார்கள். நாக்கு மறுபடியும் மேலே ஒட்டிக்கொண்டது. நான் மாட்டின் முதுகில் கை வைத்தேன். அது சுவாசிப்பது கைக்குத் தெரிந்தது. அது மூச்சை விட்டதும் நான் ஆரம்பித்தேன்.

கட்டிப் புடிச்சவனுக்குக் கட்டிலு பீரோ பரிசு — நீ
கட்டுத்தறி தேடி வந்தியே, எனக்கது பெருசு.

வேலியில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அழகுநாச்சி அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுத்தா" என்றார்.

சொன்னேன்.